மழைக்கு அசையாத மெஷின்

அப்பளக் கம்பெனிக்குத் தேய்க்கிற மெஷின் வந்ததிலிருந்து மேனேஜர் பரமானந்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அப்பளம் தேய்த்த செண்பகவல்லியை முற்றத்தில் காயப்போடுகிற வேலைக்கு மாற்றினார்.

"இனிமே நீயும் மெஷின் மாதிரி இருக்கணும். பேச்சு, சிரிப்பு கூடாது. சொன்னதை மட்டும் செய். முடியலைன்னா வீட்டுக்குப் போ."

"சரிங்க சார்."

மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முற்றம் நிறைய அப்பளம். செண்பகவல்லி ஆணி அடித்தாற்போல் நின்றாள். முதல் தூறலுக்கே பரமானந்தம் செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தார்.

"ஏம்மா, மழை வருது. கண்ணு தெரியலையா?"

"மெஷின் எங்க சார் வானத்தைப் பாக்குது?"

"தாயி, நீ மனுஷியாவே இரு. அள்ளு."

"பேசலாங்களா?"

"பேசு."

"வீட்டுக்குப் போகச் சொன்னீங்களே?"

"யாரு சொன்னா? உன் மாமியார் கதையைக்கூடச் சொல்லு, கேக்குறேன். முதல்ல அள்ளு."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமியார் கதையை ஆரம்பித்தபடியே ஓடினாள் செண்பகவல்லி. பின்னாலேயே முறத்தோடு, "ம்" கொட்டிக்கொண்டே ஓடினார் மேனேஜர்.