உண்ணிக்கொக்கின் அலுப்பு

மாடும் பறவையும் ஒரே பேச்சு பேசிய அந்தக் காலத்தில், ஏரிக்கரையில் காரி என்றொரு எருமை இருந்தது. அதன் காதுகளில் உண்ணிகள் அப்பிக்கிடந்தன. காது வீங்கிச் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. கருவேல மரத்துக் கொக்குக்கோ கூட்டில் இரண்டு குஞ்சுகள், பசியில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. உண்ணியை எடுத்தால் இருவருக்கும் நல்லது. எடுக்க விட்டால்தானே.

"அசையாம படுத்துக்கோ அக்கா. அப்பதான் வலிக்காது" என்றது கொக்கு. அப்படித்தான் அது நம்பியிருந்தது.

காரி படுத்துக் கண்ணை இறுக மூடியது. அலகு பட்டதும் தலையை உதறியது. கொக்கு சேற்றில் விழுந்தது.

"நான் இன்னும் பிடிக்கவே இல்லையே."

"நீ பிடிக்கப்போறேன்னு தெரிஞ்சுதே. அதுவே வலிச்சுது."

மறுபடி படுத்தது. மறுபடி சேறு. "நாளைக்குப் பாப்போமே தங்கச்சி" என்று காரி அசைபோடத் தொடங்கியது. நேற்றும் இதையேதான் சொன்னது.

கொக்கு தன் இறகைப் பார்த்தது. வெள்ளை எங்கேயும் தெரியவில்லை. வெறுத்துப்போய், "உன் கன்னுக்குட்டி மதகுப் பக்கம் போகுது பார்" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னது.

காரி கரை நெடுக ஓடியது. கன்று புளியமர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்து, "பொய்க்காரி, உன் குஞ்சுங்களும் இப்படித்தான் வளரும்" என்று திட்டத் தொடங்கியது. கொக்கு அதன் தலையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்த்தது.

"திட்டி முடிச்சாச்சா? இடது காது முடிஞ்சுது."

"எப்ப எடுத்தே?"

"என் குஞ்சுங்களை இழுத்தியே, அப்ப."

காரி நம்பாமல் காதை ஆட்டிப் பார்த்தது. பிறகு நிம்மதியாகப் படுத்து, இளைப்பாறி, வலது காதைக் காட்டியது. அலகு பட்டதுதான் தாமதம், பழைய உதறல், பழைய சேறு. ஓட்டம் தந்த தைரியம் மூச்சு ஆறும்வரைதான் என்று அப்போது இரண்டுக்கும் விளங்கியது.

"அப்படின்னா எழுந்து நட" என்று முதுகில் ஏறிக்கொண்டது கொக்கு.

"நடக்கறேன். நான் கால் நோக நடக்க, நீ முதுகில சொகுசா வருவியா? நீயும் இறங்கி நட. எனக்கு மூச்சு வாங்கினதும் ஏறிக்கோ."

கொக்கு தன் குச்சிக் கால்களைப் பார்த்தது. கூட்டில் குஞ்சுகள் கத்தின. இறங்கி நடந்தது.

அன்று முதல்தான், இறக்கை இருந்தும் உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியிலேயே கழுத்தை ஆட்டி ஆட்டி நடந்து போகிறது. அந்த ஆட்டத்தை நடையழகு என்று நினைத்துவிட வேண்டாம். அது அலுப்பு.