நந்தியாவட்டைக்கு அடித்த மருந்து

தமயந்தி வீட்டு நந்தியாவட்டை தமயந்திக்காகப் பூத்ததே இல்லை. விடிந்தும் விடியாமலும் எதிர்வீட்டுச் சபேசன், ஓய்வுபெற்ற தாசில்தார், கொக்கி கட்டிய கம்பும் பிளாஸ்டிக் பையுமாக வந்து, மதிலுக்கு வெளியே நீண்ட கிளையை மொட்டையடித்துவிட்டுப் போவார். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"சாமிக்குத்தானேம்மா. புண்ணியத்துல உனக்கும் பாதி."

"எனக்குப் புண்ணியம் வேண்டாம் சார். பூ வேணும்."

"தெருப்பக்கம் தொங்குறதுக்கெல்லாமா சண்டை?"

இரண்டு வருஷமாக இதே பேச்சு. குடியிருப்போர் சங்கத்தில் சொன்னாள், சிரித்தார்கள். கணவர் ராஜாராமனிடம் சொன்னாள். பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒருத்தி எத்தனை நாள்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்? ஒருநாள் விடிவதற்குமுன் எழுந்து, காந்தாரி மிளகாயை அரைத்துக் கரைத்து வடிகட்டி, செடிக்கு மருந்தடிக்கும் பம்பில் ஊற்றினாள். உள்பக்கக் கிளைகளைத் தொடவில்லை. தெருப்பக்கப் பூக்களின்மேல் மட்டும் நனைய நனைய அடித்தாள்.

"என்ன பூச்சி?" என்றார் ராஜாராமன், கொட்டாவியோடு.

"ரெண்டு கால் பூச்சி. கை எரிஞ்சா தன்னால நிக்கும்."

சபேசனுக்கு விரல் எரியத்தான் செய்தது. செவ்வெறும்பு கடித்துவிட்டது என்று நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டார். பூவைக் கழுவவில்லை. சாமிக்குப் போட்டதுபோக மிஞ்சிய பூவை அவர் மனைவி விசாலம், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வழக்கம்போல் இரண்டு இமைமேலும் வைத்து அழுத்திக்கொண்டு படுத்தாள். அவள் போட்ட அலறலில் தெருவே கூடியது. பார்வை போகாது, ஆனால் கருவிழியில் புண், ஆற நாளாகும் என்றார் டாக்டர்.

விஷயம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது. தமயந்திமேல் வழக்குப் போட வேண்டும் என்று நின்றார் சபேசன். "நாலு பூ பறிச்சதுக்கு என் சம்சாரத்தோட கண்ணா?"

"என் செடி, என் மருந்து. தோட்டம் வச்சிருக்கிற எல்லாரும் அடிக்கிறதுதான். திருடிட்டுப் போய்க் குடுத்தது இவர். விசாலம் மாமிக்கும் எனக்கும் என்ன பகை? போன வாரம்கூட வடுமாங்கா குடுத்தாங்க" என்றாள் தமயந்தி.

சப் இன்ஸ்பெக்டர் தேன்மொழி, ராஜாராமன் பக்கம் திரும்பினார். மருந்தடித்த அன்று காலை மனைவி சொன்னதை ராஜாராமன் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். கல்யாணமான நாளாய் அவள் பேச்சைக் காதில் வாங்காத மனுஷன், வாங்கியது அந்த ஒரு நாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். விசாலத்தின் கண்ணுக்குச் சட்டம் யாரைப் பிடிக்கும்? பூவைத் திருடிக் கொடுத்தவரையா, மருந்து அடித்தவளையா?

விடை: கசந்தாலும், தமயந்தியைத்தான். பூச்சிக்கு அடிப்பவள் செடி முழுக்க அடிப்பாள். தெருப்பக்கப் பூவை மட்டும் குளிப்பாட்ட மாட்டாள். ஒருவருக்கு எரியட்டும் என்று எண்ணிச் செய்தபின், எரிச்சல் வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தாலும் அந்த எண்ணத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். மருந்து இருப்பது சபேசனுக்குத் தெரியாது. அதனால் கண்ணுக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் சாமி பெயரைச் சொன்னாலும் திருட்டு திருட்டுதான், அது தனி வழக்கு. மிளகாய் அரைத்த நேரத்தில் ஸ்டேஷனுக்கு ஒரு புகார் எழுதியிருந்தால், அன்றைக்கு அந்த பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருப்பவர் தாசில்தாராக இருந்திருப்பார்.