இரண்டு பேர் தள்ளும் கதவு

"ஒண்ணாம் பாகந்தான் உசத்தி. அதை நீங்க உங்க வாயால சொல்லோணும் டீச்சர்" என்றார் தங்கமுத்து.

"சொன்னா?"

"என் சம்சாரம் கேப்பா."

டீச்சர் ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துப் போட்டு, பொத்தானுக்கு அடியில் சிக்கியிருந்த முறுக்குத் தூளைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார்.

திருப்பூரில் பட்டனும் ஜிப்பும் விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில் அந்த வீடியோ கேம் நிலையம் இருந்தது. அதை நடத்திய பூங்கோதைக்கு வயது முப்பத்தொன்று. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. பெங்களூரில் ஏழு வருஷம், இன்னும் வெளிவராத விளையாட்டுகளை ஆடிப் பார்த்துப் பிழை சொல்லும் வேலையில் இருந்தவர். ஆட்டத்தில் மூளும் சண்டையெல்லாம் அந்த மாடிக்குத்தான் தீர்ப்புக்கு வரும். கத்திக்கொண்டே ஏறுகிறவர்கள் சத்தமில்லாமல் இறங்குவார்கள். அதனால் டீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தங்கமுத்துவுக்கு நாற்பத்தேழு. டீச்சருக்குச் சித்தப்பா வயது. ஆனாலும் நின்றுகொண்டுதான் பேசினார்.

வழக்கு இதுதான்.

'கருங்கோட்டை' என்று ஒரு விளையாட்டு. வாளெடுத்த வழிப்போக்கனாக நாம் கிளம்ப வேண்டும். காடு, மந்திரவாதி, பறக்கும் பாம்பு எல்லாவற்றையும் தாண்டிக் கோட்டைகளைப் பிடிக்க வேண்டும். இருபத்தைந்து வருஷத்தில் ஆறு பாகம் வந்துவிட்டது. ஒண்ணாம் பாகம் கேசட்டில் வந்தபோது தங்கமுத்து இருபத்திரண்டு வயது இளவட்டம். அதில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

ஆறாம் பாகத்தை வாங்கியது அவருடைய மகன். அவன் கல்லூரி விடுதிக்குப் போனதும் விளையாட்டுப் பெட்டி சும்மா கிடந்தது. அதுவரை செல்போனில் பாம்பு விளையாட்டுகூட ஆடாத அவர் மனைவி மரகதம் ஒரு மத்தியானம் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

தங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் கட்டியவளும் தானும் சேர்ந்து ஆடுவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் வாயை மூடிக்கொண்டு ஆடியிருக்கலாம்.

ஒண்ணாம் பாகத்தில் இப்படி இல்லை என்றார். ஒண்ணாம் பாகத்தில் பாம்பு இன்னும் பயங்கரமாக இருக்கும் என்றார். பாட்டு வந்தால் அந்தப் பாட்டு வேறு என்றார். மூணு வாரம் பொறுத்த மரகதம் ஒரு நாள் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். "நீங்க எங்கூட ஆடுல. பழசுகூட ஆடறீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அது புரட்டாசியில். அதன்பிறகு அவர் ஷிப்டுக்குப் போன நேரத்தில் தனியாகவே ஆடினாள். சாப்பாடு, பால், கரண்டு பில் என்ற அளவில் பேச்சு இருந்தது. இப்போது கடைசிக் கோட்டை வாசலில் நிற்கிறாள். அந்தக் கதவு இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் திறக்கும். அவரைக் கூப்பிடவில்லை. பையன் பொங்கலுக்கு வருகிறான், அவனோடு தள்ளிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்.

தங்கமுத்து பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

டீச்சர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஆறாம் பாகத்தில் என்ன குறை என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம். தங்கமுத்து சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுத்தார். அதில் முப்பத்தாறு குறை இருந்தது. செத்தால் பக்கத்திலேயே எழுந்துகொள்ளலாம், பயமே இல்லை. எல்லாரும் வாய்விட்டுப் பேசுகிறார்கள், படிக்கிற சுகம் போயிற்று. இப்படியே போனது. ஒண்ணாம் பாகம் நடுவில் அடிக்கடி உறைந்து நின்றுவிடுமே என்று டீச்சர் கேட்டதற்கு, அது ஒரு அழகு என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம்.

"எல்லாத்துக்கும் மேல அந்த அம்பு" என்றார். "மஞ்சளா ஒரு அம்பு. அது காட்டற பக்கம் ஆடு மாதிரி போறதுக்கு எதுக்குங்க விளையாட்டு? நாங்கெல்லாம் வழிய நாங்களே வரைஞ்சோம். காகிதத்துல, பென்சில்ல."

"அந்த அம்பைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"அதெங்க போகும், எப்பவும் அங்கதான இருக்குது."

டீச்சர் தலையாட்டிவிட்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

சாயப்பட்டறையில் நிறம் ஒத்துப் பார்க்கும் வேலை. கம்பெனி கொடுத்த சாம்பிள் துணியையும் சாயம் ஏறி வந்த துணியையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சரி, இல்லை என்று சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக அதைத்தான் செய்கிறார். அவர் இல்லை என்றால் முதலாளியே வந்தாலும் இல்லைதான்.

"ஒரு சாம்பிளை எத்தன நாள் வெச்சிருப்பீங்க?"

"ஆறு மாசம். அப்புறம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குவோம். கை பட்டுப் பட்டு அதோட நெறமே மாறிப்போகுமுங்க. அத வெச்சுப் பாத்தா நல்ல துணியும் தப்பாத் தெரியும்."

"சரி. ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார் டீச்சர்.

தீர்ப்புக் கேட்டு வந்தவனிடம் வேலையைப் பற்றி விசாரித்து அனுப்புகிறதா என்று தங்கமுத்துவுக்குக் கோபம். படியில் இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் வேறு யாரும் இல்லை. பழைய டப்பா டிவி ஒன்று மேசைமேல் இருந்தது. பக்கத்தில் கேசட் பெட்டி. கேசட்டின் முனையில் ஒரு ஊது ஊதிச் செருகினார் டீச்சர். ஒண்ணாம் பாகத்தின் பாட்டு ஒலித்தது.

தங்கமுத்துவின் கை தானாக ஜாய்ஸ்டிக்கைத் தேடியது.

டீச்சர் டிவிக்குப் போடும் துணி உறையை எடுத்து உதறினார். பூ வேலை செய்த, ஓரத்தில் சுருக்கம் வைத்த பழைய உறை. அதைத் திரைக்கு மேல் இழுத்து மூடினார்.

"இப்ப ஆடுங்க."

தங்கமுத்து சிரித்தார். இதுவும் ஒரு பரீட்சையா?

வலது பக்கம் பன்னிரண்டு அடி. மேலே நாலு. கிணற்றடிக் கிழவனைத் தொடாமல் இடப்பக்கம் ஒதுங்கல். பாட்டு மாறியது, காட்டுக்குள் வந்தாயிற்று. மூன்றாவது மரத்துக்குப் பின்னால் பொத்தானை இரண்டு தட்டு, டிங் என்றது, பச்சிலை கிடைத்தது. பாம்பு சீறியது. ஒதுங்கினார், வெட்டினார், ஒதுங்கினார், வெட்டினார். அரை மணி நேரத்தில் முதல் கோட்டையின் வெற்றி முரசு உறைக்கு உள்ளேயிருந்து கொட்டியது.

வேர்த்திருந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டு பெருமையாகத் திரும்பினார். இந்த ஜில்லாவில் வேறு ஒருத்தன் இப்படி ஆடிக் காட்டட்டும் பார்ப்போம் என்றார்.

டீச்சர் பாராட்டவில்லை. அடுத்த மேசையில் இருந்த பெரிய டிவியில் ஆறாம் பாகத்தைப் போட்டார். ஒரு போர்வையை எடுத்து அதன்மேல் விரித்தார்.

"இதையும் ஆடுங்க."

நாலடி வைத்தார். தொபுக்கென்று சத்தம். தண்ணீரில் விழுந்து செத்தார்.

மறுபடி எழுந்தார். இந்த முறை இடது பக்கம் போனார். கல் சரிந்தது. செத்தார். மூன்றாவது முறை ம்மாவென்று கத்திக்கொண்டு ஒரு மாடு முட்டியது, மாடு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தங்கமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

நாலாவது முறை மெல்ல, அடி மேல் அடி வைத்துப் போனார். தண்ணீர்ச் சத்தத்தின் ஓரமாகவே போனார். திடீரென்று யாரோ பாடும் குரல் கேட்டது. ஒரு பெண் குரல், தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி. பாட்டுக்கு நடுவில் தடக் தடக் என்று மரத்தில் ஏதோ இடித்தது. துடுப்பா? இல்லை, உரலா? குரல் கிட்ட வந்தது. அப்புறம் தூரப் போனது.

தங்கமுத்து எட்டிப் போர்வையை இழுத்தார்.

சாம்பல் நிற ஆறு. அதில் ஒரு பரிசல். பரிசலில் ஒருத்தி கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்பு வலித்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கரையோரமாகவே வழிப்போக்கனை ஓட்டினார். வளைவு திரும்பியதும் பரிசலும் இல்லை, அவளும் இல்லை. எங்கே போனாள் என்று புதர் புதராகத் தேடினார். திரையில் அம்பு இருந்ததா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி அலைந்தார் என்று தெரியாது. டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பழசுல ஏனுங்கண்ணா உறைய எடுக்கோணும்னு தோணுல?"

தங்கமுத்து வாயைத் திறந்தார். எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை என்று சொல்லத்தான் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார்.

டப்பா டிவியில் வெற்றி முரசு இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. உறைமேல் பூக்கள் அப்படியே இருந்தன.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "அப்ப பழசு மட்டமுங்களா?" என்று கேட்டார். குரல் குழந்தை கேட்பதுபோல் இருந்தது.

"அது தங்கமான ஆட்டம். அதுல உங்களுக்குத்தான் இனி வேலையில்ல" என்று சொல்லிவிட்டு டீச்சர் போர்வையை மடிக்கப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். மரகதம் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நாருரித்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை.

தங்கமுத்து செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த முப்பத்தாறு குறையை எடுத்தார். நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சோபாக் காலுக்கு அடியில் கொடுத்தார். சோபா நின்றது.

"என்ன சொன்னாங்க உங்க டீச்சர்?" என்று மரகதம் காயிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லுல." தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "மரகதம், நாம ஆடலாமா? அம்ப மட்டும் அணைச்சுப்போட்டு ஆடலாம். எனக்காக இல்ல. தொலைஞ்சு பாக்கலாம்னு தோணுது."

மரகதத்தின் கை நின்றது. அவரையே பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்த்தாள்.

"ஏனுங்க, அது அணைஞ்சு நாலு மாசமாச்சு."

"என்ன?"

"நீங்க அம்பு அம்புன்னு சொன்ன மக்காநாளே அணைச்சுட்டன். அதுக்கப்பறமும் பத்துப் பன்னெண்டு நாள் எம்பக்கத்துல உக்காந்து அதையேதான் சொல்லிட்டிருந்தீங்க."

தங்கமுத்துவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. துணியில் இம்மி நிறம் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கண். திரைக்கு நடுவில் அம்பு இல்லாமல் போனது அதற்குத் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் அவர் அந்தத் திரையைப் பார்க்கவே இல்லை.

"அப்ப கடைசிக் கோட்ட வரைக்கும் வழி எப்படித் தெரிஞ்சுது?"

மரகதம் அவரைக்காயை ஒதுக்கி வைத்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, நாட்காட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கத்தையை எடுத்து வந்தாள். தினமும் கிழித்த தேதிச் சீட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சில் கோடு. புரட்டாசியில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. தரையில் ஒன்றன்பக்கம் ஒன்றாக அடுக்கினாள். ஆறு வளைந்தது, காடு விரிந்தது. அடித்துத் திருத்திய இடம், ரப்பரால் தேய்த்துக் கிழிந்த இடம், இங்கே மாடு என்று எழுதிய இடம். தங்கமுத்து முட்டி போட்டு ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். அவருக்குக் கண் கலங்கியது. அதை அவர் மறைக்கவில்லை.

கடைசிச் சீட்டில் ஒரு கதவு. கதவுக்கு முன்னால் குச்சி குச்சியாக இரண்டு மனிதர்கள். ஒன்றுக்குக் கொண்டை. இன்னொன்றுக்கு மீசை.

பையனுக்கு மீசை கிடையாது.

கதவுக்கு அந்தப் பக்கம் சீட்டு இல்லை. வெறும் தரை.

"இதுக்கு அப்புறம் எப்படிப் போறது?" என்று கேட்டார்.

மரகதம் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினாள்.

"எனக்கும் தெரியாது. இன்னிக்குச் சீட்டக் கிழிச்சுட்டு வாங்க."