பணியாரச் சட்டியும் பள்ளியறையும்

முன்னொரு காலத்தில் கூவளநாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நாட்டை மந்திரி தீர்த்தப்பர் பார்த்துக்கொண்டார். ராஜா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டான்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவின் தலைக்குக் கீழே எந்த விளக்கும் எரியக் கூடாது. எரிந்தால் கிரீடத்துக்கு அவமானமாம். அதனால் விளக்கெல்லாம் உத்தரத்தில்தான் தொங்கும். கல்யாணமாகிப் புது ராணி கோமளவல்லி பள்ளியறைக்கு வந்தாள். உச்சியிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் ராஜாவின் கண் இரண்டும் குழியாகி, மூக்கின் நிழல் தாடைவரை நீண்டு கிடந்தது. வீல் என்று கத்திக்கொண்டு வெளியே ஓடியவள், மறுநாளே பிறந்த வீட்டுக்குப் பல்லக்கு கட்டச் சொல்லிவிட்டாள்.

ராஜா மந்திரியைப் பிடித்துக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் அறையில் இதமான வெளிச்சம் வேண்டும். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சுவர் முழுக்க ராஜா புலி வேட்டையாடும் சித்திரம். எங்கே அடித்தாலும் அவன் மேல்தான் இறங்கும். (புலியை அவன் நேரில் பார்த்ததே இல்லை.) ராணி போய்விட்டால் மந்திரி யானைக் கொட்டடியில் லத்தி அள்ள வேண்டியதுதான்.

சடங்கதிகாரி விருதராயருக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. மந்திரி பதவி மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். வழக்கத்தை மட்டும் மீறிவிடக் கூடாது என்று ராஜாவுக்கு எடுத்துக் கொடுத்தார்.

தீர்த்தப்பருக்கு எரிச்சலான எரிச்சல். இந்த வயதில் யானைக்குப் பின்னால் நிற்பதா? அறைக்குள் போய் உத்தரத்து விளக்கின் கீழே கைக்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பிணம் மாதிரி இருந்தது. ஓர் அகலை ஏற்றி முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்தார். பரவாயில்லை, மனிதன்தான். வெளிச்சம் தாழ்வாகப் பக்கத்திலிருந்து வந்தால் ராஜாகூடப் பார்க்கும்படி இருப்பான் என்று புரிந்துவிட்டது.

நேரே சமையற்கட்டுக்குப் போய் ஒரு பணியாரச் சட்டியும் பித்தளைத் தாம்பாளமும் தூக்கிவந்தார். குழிக்குக் குழி நெய் ஊற்றித் திரியிட்டு முக்காலி மேல் வைத்தார். பின்னால் தாம்பாளத்தைச் சாய்த்து நிறுத்தினார். கட்டிலை வெளியே தள்ளிவிட்டுப் பாய் விரித்தார். உத்தரத்து விளக்கை அணைத்ததும் அறையே மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆயிற்று.

ஒரே ஒருமுறை எட்டிப் பார்க்கும்படி ராணியைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்தார். ராஜாவும் வந்தான். அவன் பின்னாலேயே விருதராயர்.

"பிரபுவின் இடுப்பு உயரத்துக்குக்கூட வராத பணியாரச் சட்டியா விளக்கு? இது ராஜத் துரோகம்" என்றார் அவர்.

ராஜாவின் முகம் கறுத்தது. தீர்த்தப்பர் அசரவில்லை.

"விளக்கு தலைக்குக் கீழே எரியக் கூடாது, அவ்வளவுதானே? தலையை இறக்கிவிட்டால் போயிற்று. மகாராணி பாயில் உட்காரட்டும். பிரபு அவர் மடியில் தலை வைத்துப் படுக்கட்டும்."

ராஜா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ராணி தயங்கித் தயங்கி உட்கார்ந்ததும் படுத்துவிட்டான். அவள் பயந்துகொண்டே குனிந்து பார்த்தாள். குழிக் கண்களைக் காணோம். அசட்டுச் சிரிப்போடு ஒரு சாதாரண முகம், காதோரம் சின்ன மச்சம்.

"இவ்வளவுதானா நீங்கள்?" என்று சிரித்தவள், பல்லக்கை அவிழ்க்கச் சொல்லித் தோழிக்குக் கண் காட்டினாள்.

விருதராயருக்குப் பொறுக்கவில்லை. அரசர் தரையில் கிடந்தால் மரியாதை என்னாவது என்று முணுமுணுத்தார்.

"நல்ல வேளை, மரியாதையைப் பற்றித் தாங்களே பேச்செடுத்தீர்கள்" என்றார் தீர்த்தப்பர். "பிரபுவின் தலை தரையில் இருக்கிறது. தங்கள் தலை எங்கே இருக்கிறது?"

ராஜா படுத்தபடியே விருதராயரை ஒரு பார்வை பார்த்தான். பட்டு அங்கவஸ்திரத்தோடு அவர் குப்புற விழுந்தார். வாசல்வரை ஊர்ந்தேதான் போனார். தீர்த்தப்பரும் பின்னாலேயே ஊர்ந்தார். ஆனால் அவர் கையில் ராஜா கழற்றிக் கொடுத்த முத்துமாலை இருந்தது.

இனி பழைய வழக்கத்தைப் பற்றிச் சபையில் யார் வாய் திறந்தாலும் தரையில் படுத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்று மறுநாள் ராஜா உத்தரவு போட்டான். அதன் பிறகு கூவளநாட்டில் பழைய வழக்கம் எதுவும் ரொம்ப நாள் தங்கவில்லை.