வடை வாங்காதவர்

2018ஆம் ஆண்டு டிசம்பர் 5, புதன்கிழமை. விடியலிலிருந்து விடாத தூறல். நண்பகலிலும் விளக்கு எரிந்தது.

அந்தக் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை அரங்கில், மயக்க மருத்துவரின் கைக்கெட்டும் தொலைவில் ஓர் அழைப்புமணி உண்டு. தனியே சமாளிக்க இயலாதவர் அதை அடித்தால் மூத்தவர்கள் ஓடிவருவர். அடித்தவர் பின்னர் அனைவருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். அஃது அங்கே வேடிக்கையாக வளர்ந்த வழக்கம். பயிற்சி மருத்துவர் கோகுல்நாத் ஒருமுறையும் வடை வாங்கியவர் அல்லர்.

அன்று குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு வந்தவள் நான்கு வயது ஜெருஷா. அரிய மரபணுக் குறைபாட்டுடன் பிறந்தவள்; நாக்கு தடித்து, கழுத்து குறுகி, மூச்சுப்பாதை ஒடுங்கியிருந்தது. மயங்கியதும் மூச்சு அடைபட்டது. கோகுல்நாத் தொண்டைக்குள் குழாயைச் செலுத்தினார், நுழையவில்லை. மீண்டும் முயன்றார். இரத்தம் கசிந்தது.

“மணி அடிக்கவா, சார்?” என்றார் செவிலியர் ஸ்டெல்லா.

“வேண்டாம். இந்தத் தடவை நுழைஞ்சிடும்.”

குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. ஸ்டெல்லா மறுபடி கேட்கவில்லை, அடித்தார்.

தலைமை மயக்க மருத்துவர் மங்களநாயகி வந்தார். குழாயைத் தொடவில்லை. குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, தாடையை முன்னே தூக்கி, ஆக்சிஜன் முகமூடியை அழுத்திப் பிடித்தார். மூச்சு மீண்டது. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துக் குழந்தையை விழிக்கச் செய்தார்.

வெளியே ஜெருஷாவின் தாய் ஜெபசீலி கைகூப்பினார்.

“எம்புள்ளைக்காக ரொம்பப் பாடுபட்டீங்களாம், சார்.”

கோகுல்நாத் தலை நிமிரவில்லை.

வழக்கப்படி அன்று வடை வாங்கியவர் ஸ்டெல்லா. கோகுல்நாத்துக்கும் ஒன்று வைத்திருந்தார்.

மாலையில் கோகுல்நாத் மங்களநாயகியின் அறைக்குச் சென்றார்.

“மேடம், நான் எப்ப மணி அடிச்சிருக்கணும்?”

“நாளைக்குக் காலையில என்கூட நில்லு.”

மறுநாள் மங்களநாயகியின் முன் படுத்திருந்தவன் நல்ல உடல்நலமுள்ள சிறுவன். விரலில் தையல் மட்டுமே. முகமூடியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே அவர் மணியை அடித்தார். எல்லோரும் ஓடிவந்தனர்.

“மேடமே வடை வாங்கப்போறாங்களா? கேலண்டர்ல குறிச்சு வைக்கணும்” என்றார் அறுவை மருத்துவர்.

“சொல்லியாச்சு. வந்துக்கிட்டிருக்கு.”

தையல் முடிந்தது, வடை வந்தது. கோகுல்நாத் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

“நீங்க மணி அடிச்சப்ப ஒண்ணுமே தொடங்கலையே, மேடம்.”

“ஆமா. சாப்பிடு, ஆறிடும்.”

அன்று மாலை கோகுல்நாத், ஜெபசீலியிடம் நடந்ததை மறைக்காமல் கூறினார். மணியை அடித்தவர் யார் என்பதையும் கூறினார்.

ஜனவரியில் ஜெருஷாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் கொடுப்பதற்கு முன்னரே மணியை அடித்தவர் கோகுல்நாத். மூத்தவர்கள் இருவர் உடன் நின்றனர். நுண்கேமரா காட்டிய வழியில் குழாய் நுழைந்தது. குழந்தை நலமாக விழித்தாள்.

கோகுல்நாத் தாம் வாங்கிய வடையில் ஒன்றை ஜெபசீலியிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“அன்னைக்கு மணி அடிச்சாங்களே, அவங்களுக்குக் குடுங்க, சார்.”