மரக்கலத்துக்கு ஒரு பூட்டு

"காசு கொடுத்து வாங்கினவனே திருட்டுக் காப்பியில விளையாடுறான், அம்மா. இதெல்லாம் என்ன ஜென்மம்?"

வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பூவராகன் கேட்டது இதைத்தான். சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனி அவருடையது. போன வருஷம் வந்த 'மரக்கலம்' ஓஹோவென்று விற்றது. அப்புறம் படுத்துவிட்டது.

குரு தில்லைக்கரசி அவரைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் அவர் கம்பெனியிலேயே புரோகிராம் எழுதியவர். வேலையை உதறிவிட்டு ஏலகிரியில் ஆசிரமம் வைத்த பிறகும், பழக்க தோஷத்தில் அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார்.

"பூட்டு போட்டிருக்கீங்களா, சார்?"

"போடாம? ஆட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, நடுநடுவுல பல தடவை, 'நீ வாங்கினவன்தானா?'ன்னு எங்க சர்வர் கேட்கும். நெட் போச்சுன்னா ஆட்டமும் நின்னுடும்."

"திருட்டுக் காப்பி?"

"அது என்னத்தைக் கேட்கும்? பூட்டை உடைச்சுத்தானே எடுக்கிறானுங்க!"

"சரி."

"புது ஆட்டத்துக்கு இன்னும் பலமான பூட்டா பார்த்து வச்சிருக்கேன். மூணு மணிக்குள்ள ஆபீசுக்குப் பதில் சொல்லணும். இதுவும் படுத்தா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

குருமார்களுக்கு நேராகப் பதில் சொல்லி வழக்கம் ஏது? தில்லைக்கரசி ஒரு பித்தளை டோக்கனை நீட்டினார்.

"முதல்ல சாப்பிடுங்க."

சாப்பாட்டுக்கூட வாசலில் சீடர் நாகலிங்கம் நின்றார்.

"டோக்கன்?"

பூவராகன் காட்டினார்.

"உங்களுதுதானா?"

"உங்க குருவே கொடுத்தாங்கய்யா."

"கேட்டுட்டு வரேன்."

கேட்டுவிட்டு வந்தார். நடையில் அவசரமே இல்லை.

இலை விழுந்தது. சோறு விழுந்தது. சாம்பார் வாளி வந்தது. வாளிக்குப் பின்னாலும் நாகலிங்கம்தான்.

"டோக்கன்?"

"இப்போதானே பார்த்தீங்க?"

"அது சோத்துக்கு."

டோக்கனை இடது கையில் பிடித்துக்கொண்டே பிசைந்து சாப்பிட்டார் பூவராகன். ரசம் வந்தது.

"எழுந்து வாசலுக்கு வாங்க, சார். முதல்லேர்ந்து பார்க்கணும்."

"பாதிச் சாப்பாட்டுலயா?"

"எங்க வழக்கம் அது."

போய்த் திரும்பினால் இலையைக் காணோம்.

"என் இலை எங்கேய்யா?"

"ஆள் இல்லைன்னா எடுத்துடுவோம். குரு சரின்னு சொன்னா மறுபடி போடுறேன்."

"குரு எங்கே?"

"குளிக்கப் போயிருக்காங்க."

"எப்போ வருவாங்க?"

"குளிச்சுட்டு."

பின்கட்டிலிருந்து அப்பளம் பொரிக்கும் வாசனை வந்தது. கூடவே சிரிப்புச் சத்தம். காலையில் வெறும் காபியோடு மலையேறிய மனுஷர் எவ்வளவு நேரம்தான் நிற்பார்? வாழைமரங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

சமையலறைப் பின்வாசலில், ஆடு மேய்க்கிற இரண்டு ஆட்கள் சம்மணமிட்டு வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு டோக்கன்?"

"டோக்கனா? நாங்க வேலியைத் தாண்டி வந்தோம்ங்க." மீசைக்காரர் நகர்ந்து இடம் விட்டார். "இலை அங்க கெடக்கு. போட்டுக்கிட்டு உட்காருங்க. இங்க யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

உட்கார்ந்தார். சாம்பார், ரசம், இரண்டு அப்பளம். உண்மையிலேயே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மோர் ஊற்றிக்கொள்ளும்போது ஈரத் தலையோடு தில்லைக்கரசி வந்து நின்றார்.

"என்ன சார், டோக்கன் தொலைஞ்சுபோச்சா?"

பூவராகன் இடது கையை விரித்தார். டோக்கன் பத்திரமாக இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஆபீசிலிருந்துதான். டோக்கனை இலையோரம் வைத்துவிட்டு எடுத்தார்.

"சார், மணி மூணு. அந்தப் புதுப் பூட்டு..."

"வேண்டாம்."

"சார்?"

"மரக்கலத்துல இருக்கிறதையும் கழட்டிடு."