மந்திரி மென்ற கொட்டை

சூரியன் சாயங்காலம் கடலில் போய் விழுகிற மேற்குக் கரையிலே, ஒட்டகத்துக்கே நாக்கு வறண்டு போகிற ஒரு தேசம் இருந்தது. அதை மஸ்ஸீன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். எந்தக் காலம் என்று யாரும் கேட்காதீர்கள். கேட்டால் நான் ஏதாவது ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே வேண்டாமே என்று பார்க்கிறேன்.

ராஜாவுக்குக் கோட்டை இருந்தது, படை இருந்தது, கொட்டு மேளம் எல்லாம் இருந்தது. நல்ல தோல்தான் இல்லை. பாலைவனக் காற்று அடித்து அடித்து முகம் உரிந்தது, குதிகால் வெடித்தது, தலைமுடி தேங்காய் நார் ஆகிவிட்டது. சீப்பை உள்ளே விட்டால் சீப்பு திரும்பி வராது. சிரித்தால் உதடு வெடிக்கிறதே என்று ராஜா சிரிப்பதையே விட்டுவிட்டான். ராஜா சிரிக்காத இடத்தில் மற்றவர்கள் சிரிக்க முடியுமா? அரண்மனையே உம்மென்று கிடந்தது.

அப்போதுதான் மலையடிவாரத்திலிருந்து இத்தோ வந்தாள். இத்தோ என்பது ஒரு பெண்ணின் பெயர். யாரது சிரிப்பது? அவர்கள் ஊரில் அது அழகான பெயர். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இருந்தது ஒரே ஒரு ஆடு. அந்த ஆட்டின் பெயர் என் வாயில் நுழையாது. கறுப்பாக இருந்ததால் நாம் அதைக் கருவாச்சி என்று வைத்துக்கொள்வோம். இத்தோ அதைப் பெற்ற பிள்ளையாக வளர்த்தாள்.

அவள் ஒரு சின்ன மண்கிண்ணத்தில் பொன்னிறமாக எண்ணெய் கொண்டு வந்து வைத்தாள். "ஆர்கன் மரத்து எண்ணெய், மகாராஜா. இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்துப் பூசுங்கள். அதற்கு மேல் வேண்டாம்" என்றாள்.

ராஜா காலையில் முகத்தில் பூசினான், தோல் உரிவது நின்றது. மத்தியானம் தலையில் பூசினான், உள்ளே போன சீப்பெல்லாம் வெளியே வந்தது. சாயங்காலம் குதிகாலில் பூசினான், வெடிப்பு மெல்ல மூடிக்கொண்டது. அப்புறம் ஆசை அடங்குமா? தாடிக்குப் பூசினான், நகத்துக்குப் பூசினான். பருப்பை வறுத்து எடுத்த எண்ணெயைத் தனியாக வரவழைத்து, தேனில் குழைத்து, ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டான். கடைசியில் வாய்விட்டுச் சிரித்தும் விட்டான். உதடு வெடிக்கவில்லை. அரண்மனையில் எல்லோரும் அத்தனை காலம் அடக்கி வைத்திருந்ததை அன்றைக்கே சிரித்துத் தீர்த்தார்கள்.

ராஜா வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நானும் போய்ப் படுத்திருப்பேன்.

அவன் கேட்டான்: "இதை எப்படித்தான் செய்கிறாய் இத்தோ?"

அவள் சூதுவாது தெரியாதவள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். "ஆர்கன் மரம் முழுக்க முள், மகாராஜா. நம்மால் ஏற முடியாது. என் கருவாச்சிதான் ஏறும்."

ஆடு மரம் ஏறுமா என்று வாயைப் பிளக்காதீர்கள். அந்த ஊரில் ஏறும். உச்சிக் கொம்பில் நின்று சாவகாசமாக ஊரை வேடிக்கை பார்க்கும்.

"ஏறிப் பழத்தைத் தின்னும். சதை அதற்கு, கொட்டை எனக்கு. அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். நான் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, கல்லில் தட்டி உடைத்து, பருப்பைத் திருகையில் அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பிசைந்து பிழிவேன்" என்றாள் இத்தோ.

"எல்லாவற்றையும் துப்பிவிடுமா?" என்றான் ராஜா. அவன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"முக்கால்வாசி துப்பிவிடும். மீதி பின்பக்கமாக வரும். அதையும் நன்றாகத்தான் கழுவுவேன், மகாராஜா."

ராஜா கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"ஐயையோ! ஆட்டு எச்சில்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். மூன்று தடவை குளித்தான். மூன்று தடவை வாய் கொப்பளித்தான். மூன்று தடவை கண்ணாடியைப் பார்த்து "த்தூ" என்றான். அவ்வளவு குளித்தால் என்ன ஆகும்? தோல் பழையபடி வறண்டு உரிய ஆரம்பித்தது. இப்போது ராஜாவுக்கு எண்ணெய் வேண்டும், ஆடு கூடாது.

கீழே உதிர்ந்த பழத்தைப் பொறுக்கலாம் என்றார்கள் சபையோர். "மண்ணில் கிடந்ததை நான் பூசுவதா?" என்றான் ராஜா. கம்பால் அடித்து உதிர்க்கலாம் என்றார்கள். மரத்தை அடிப்பது ஊர்க் கட்டுப்பாட்டுக்கு விரோதம், அடுத்த வருஷம் காய்க்காது என்று ஊரே சண்டைக்கு வந்தது.

அப்போது அரண்மனை வைத்தியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "மகாராஜா, தாழ்ந்த பிறவி மென்றால்தான் அது எச்சில். மேன்மக்கள் மென்றால் அது மருந்து" என்றான்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே உத்தரவு போட்டான்: "இனி என் சபையோர்தான் மரம் ஏறிப் பழத்தை மெல்ல வேண்டும். இத்தோ எண்ணெய் எடுக்க வேண்டும். எண்ணெய் வராவிட்டால் அவளுக்குச் சவுக்கடி. நன்றாக வந்துவிட்டால் அந்த ஆட்டுக்கு அப்புறம் என்ன வேலை? விருந்தில் குழம்பாகட்டும்."

கருவாச்சியைப் பிடித்துச் சமையல்கட்டு வாசலில் கட்டினார்கள். சமையல்காரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான். எண்ணெய் கெட்டால் இத்தோவின் முதுகு போகும். எண்ணெய் நன்றாக வந்தால் அவள் பிள்ளை போகும். வழி நெடுக அழுதுகொண்டே மலைக்கு நடந்தாள்.

மரத்தடியில் சபை கூடியது. முதலில் படைத்தலைவன் ஏறினான். இரும்புக் கவசத்தோடு ஏறினான், மகா வீரன் இல்லையா? கவசத்தில் எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறது என்று எதிரிகளுக்குத் தெரியாது, முள்ளுக்குத் தெரிந்தது. பாதி மரத்தில் மாட்டிக்கொண்டு, காயப்போட்ட வேட்டியாகத் தொங்கினான். "தாக்குங்கள்!" என்று அங்கிருந்தே கத்தினான். யாரைத் தாக்குவது என்று வீரர்களுக்குப் புரியவில்லை.

அடுத்து வைத்தியன் ஏறினான். ஏணி வைத்து ஏறினான், கெட்டிக்காரன். ஒரு பழத்தைக் கடித்தான். ஆர்கன் பழம் கசக்கும், அதோடு பசையாக ஒட்டும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் கவ்விக்கொண்டு வாய் திறக்கவே இல்லை. அவன் மருந்து சொல்ல முடியாமல் கிடந்த அந்தக் கொஞ்ச நாளில் ஊரில் இருந்த நோயாளிகள் பாதிப்பேர் குணமாகிவிட்டார்கள்.

மூன்றாவதாகத் தலைமை மந்திரி ஹம்மூ ஏறினான். அவன்தான் ஆள்! பொழுது விடிந்தால் பச்சைப் பூண்டைக் கடித்துத் தின்று பழகிய வாய் அது. பல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அந்த வாய்க்குக் கசப்பும் தெரியவில்லை, பசையும் தெரியவில்லை. ஒரு கிளையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான். கொட்டைகளை "தூ, தூ" என்று கூடையில் துப்பினான். கூடை நிறைந்தது.

இத்தோ கூடையை வீட்டுக்குத் தூக்கிப் போனாள். வழக்கப்படி அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து கொட்டை உடைக்க வந்தார்கள். கல்லை எடுத்தார்கள், கொட்டையை எடுத்தார்கள், மோந்து பார்த்தார்கள்.

"ஏய் இத்தோ, இது கருவாச்சி துப்பினது இல்லையே?"

"மந்திரி துப்பினது அக்கா."

"மந்திரியா! அடச்சீ, கருமம்!" என்று கல்லை அங்கேயே போட்டுவிட்டு, முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள்.

அவர்கள் ஓடுவதைப் பார்த்த இத்தோ அழுகையை நிறுத்தினாள். வீட்டில் மிச்சம் இருந்த பழைய எண்ணெயை எடுத்துத் தனியாக வைத்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொட்டைகளைத் திரும்பத் திரும்பக் கழுவி, தனி ஒருத்தியாக உடைத்து, அரைத்து, பிசைந்து பிழிந்தாள். வேண்டுமென்றே கெடுத்திருக்கலாம். அவள் கைக்குக் கெடுக்க வராது. எண்ணெய் பொன்னிறமாகவே வந்தது.

விருந்து நாள். சபை நிறைந்திருந்தது. சமையல்கட்டு வாசலில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. இத்தோ ராஜாவுக்கு முன்னால் இரண்டு கிண்ணங்களை வைத்தாள்.

"மகாராஜா, இரண்டும் ஒரே மரம், ஒரே திருகை, ஒரே கை. வலது பக்கம் இருப்பது என் வீட்டில் மிச்சம் இருந்த பழைய எண்ணெய், கருவாச்சி மென்றது. இடது பக்கம் இருப்பது ஹம்மூ மந்திரி மென்றது. தங்கள் திருமுகத்துக்கு எது வேண்டும் என்று தாங்களே எடுத்துக்கொள்ளுங்கள்."

"இதில் என்ன கேள்வி?" என்று ராஜா இடது கிண்ணத்துக்குக் கையை நீட்டினான்.

தன் உழைப்பை ராஜா பூசிக்கொள்ளப் போகிறான் என்ற சந்தோஷத்தில் மந்திரி ஹம்மூ எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

நீட்டிய கை பாதியில் நின்றது. ராஜா அந்தப் பற்களைப் பார்த்தான். மேல்வரிசையைப் பார்த்தான், கீழ்வரிசையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று வேறு மந்திரி பக்கமிருந்து வீசியது. ராஜா சமையல்கட்டு வாசல் பக்கம் திரும்பினான். அங்கே கருவாச்சி ஒரு புல்லை வாயில் வைத்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"வைத்தியரே!" என்று ராஜா கத்தினான். "மேன்மக்கள் மென்றால் மருந்து என்றீரே, வாரும். இந்த இடது கிண்ணம் உமக்கு. என் கண் முன்னாலேயே முகத்தில் பூசும்!"

வைத்தியனுக்கு அதற்குள் வாய் திறந்திருந்தது. கால்தான் முன்னால் வரவில்லை. பின்னோக்கியே நடந்து நடந்து, ஒரு தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். தொந்தி மட்டும் வெளியே தெரிந்தது.

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா வெட்கத்தில் சிவந்தான். "இத்தோ, தப்பு என்னுடையது. உன் பிள்ளையை அவிழ்த்துக்கொண்டு போ. என் தேசத்தில் எந்த மரத்திலும் அது ஏறலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது" என்றான். வலது கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

இத்தோ ஓடிப்போய்க் கருவாச்சியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அன்றைக்கு விருந்தில் எல்லோருக்கும் வெறும் வெங்காயக் குழம்புதான்.

ஆகையினால் கேட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்களே, சின்னவர்களே: செய்தவரின் பிறப்பையும் பதவியையும் பார்த்துச் சுத்தம், அசுத்தம் என்று பிரிக்கிறவன், கடைசியில் தானே அசிங்கப்பட்டு நிற்பான்.